பீட்டர் முயலுக்கு முன் வந்த காளான்கள்

நீலச் சட்டை போட்ட பீட்டர் முயலை நம் வீட்டுக் குழந்தைகள் பலருக்கும் தெரியும். அந்த முயலைப் படைத்த பியாட்ரிக்ஸ் பாட்டர், அதற்கு முன் பல ஆண்டுகள் காளான்களை ஆராய்ந்தவர் என்பது பெரியவர்களிலேயே பலருக்குத் தெரியாது.

1866-இல் லண்டனில் வசதியான குடும்பத்தில் பிறந்தார். பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே ஆசிரியை வைத்துப் படிக்கவைத்தார்கள். விடுமுறைக்கு ஸ்காட்லாந்து போகும்போதெல்லாம் காட்டில் காளான்களைத் தேடி வரைவார். அங்கே அவருக்கு வழிகாட்டியவர் சார்லஸ் மெக்கின்டாஷ் என்ற தபால்காரர். கடிதம் கொடுக்க நடந்தே சுற்றியவர் என்பதால் அந்தப் பகுதியின் செடிகொடிகள் எல்லாம் அவருக்கு அத்துப்படி. குளிர்காலத்தில் அவர் காளான்களைத் தபாலில் லண்டனுக்கு அனுப்புவார். பியாட்ரிக்ஸ் அவற்றை வரைந்து, ஒரு பிரதியை அவருக்கே அனுப்பிவைப்பார்.

வரைவதோடு அவர் நிற்கவில்லை. காளான் குடையின் அடியிலிருந்து தூளாக உதிரும் வித்துகளை முளைக்கவைத்து, அவை இழைவிட்டு வளர்வதை நுண்ணோக்கியில் கவனித்தார். கியூ தாவரவியல் பூங்காவின் இயக்குநர் இதைப் பொருட்படுத்தவில்லை. வேதியியல் அறிஞரான மாமா ஹென்றி ராஸ்கோதான் ஊக்கம் கொடுத்தார்.

1897 ஏப்ரல் 1 அன்று அவருடைய கட்டுரை லண்டன் லின்னேயன் சங்கத்துக்கு வந்தது. பெண்களுக்கு அந்தக் கூட்டத்தில் இடமில்லை. எனவே கியூவின் காளான் நிபுணர் ஜார்ஜ் மாசி அவர் சார்பில் கட்டுரையை முன்வைத்தார். பிறகு அது திரும்பப் பெறப்பட்டது, அச்சாகவே இல்லை. அதன் பிரதிகூட இன்று கிடைக்கவில்லை.

அடுத்து அவர் கையில் எடுத்தது, 1893-இல் உடல்நலமில்லாத ஒரு சிறுவனுக்குக் கடிதத்தில் எழுதி அனுப்பியிருந்த முயல் கதையை. பதிப்பகங்கள் மறுத்தன. 1901-இல் சொந்தச் செலவில் 250 பிரதிகள் அச்சிட்டார். 1902-இல் பதிப்பகமே முன்வந்து வெளியிட்டது. புத்தகங்களால் வந்த வருமானத்தைக் கொண்டு, இங்கிலாந்தின் ஏரி மாவட்டத்தில் பண்ணைகள் வாங்கினார். 1943-இல் மறைந்தபோது 4,000 ஏக்கருக்கும் மேற்பட்ட நிலத்தை நேஷனல் டிரஸ்ட் அமைப்புக்கு எழுதிவைத்திருந்தார்.

அவருடைய காளான் ஓவியங்களும் வீணாகவில்லை. 1967-இல் வெளியான காளான் கையேடு ஒன்றில் அவற்றில் பல இடம்பெற்றன. கட்டுரை போய் நூறாண்டு கழித்து, 1997-இல், அவரை நடத்திய விதம் தவறு என்று லின்னேயன் சங்கமும் ஒப்புக்கொண்டது.