சிலுக்கு என்று திட்டாதீர்கள்!

ஆடிப்பெருக்குக்கு ஒகேனக்கல் கிளம்பும்போது, ஒன்பதாவது படிக்கும் என் மகள் உதட்டுச்சாயம் பூசிக்கொண்டு வந்து நின்றாள். சிலுக்கு மாதிரி என்னடி அலங்காரம் என்று சட்டென்று திட்டிவிட்டேன். யாரும்மா அது என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. எங்க அம்மா என்னைத் திட்டியதும் இந்தப் பேரைச் சொல்லித்தான். அதற்கப்புறம்தான் அவரைப் பற்றித் தேடிப் படித்தேன்.

சில்க் ஸ்மிதாவின் சொந்தப் பெயர் விஜயலட்சுமி. 1960-ல் ஆந்திராவில் ஏலூர் பக்கம் ஒரு கிராமத்தில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். நாலாவதோடு படிப்பு நின்றது. சின்ன வயசிலேயே கல்யாணம், அதுவும் நிலைக்கவில்லை. பிழைக்கச் சென்னைக்கு வந்தவர், நடிகைகளுக்கு மேக்கப் டச்-அப் செய்யும் வேலை பார்த்தார். 1980-ல் வந்த வண்டிச்சக்கரம் படத்தில் சாராயக்கடைப் பெண்ணாக நடித்தார். அந்தப் பாத்திரத்தின் பெயர்தான் சில்க். அதுவே சாகும்வரை ஒட்டிக்கொண்டது.

மறுவருஷமே அலைகள் ஓய்வதில்லை படத்தில் பாரதிராஜா அவருக்குக் குடும்பப் பெண் வேஷம் கொடுத்தார். சமீபத்தில்தான் பார்த்தேன். கண்ணாலேயே பேசுகிறார்! ஆனால் அப்படிப்பட்ட வேஷம் அபூர்வமாகத்தான் கிடைத்தது. நடித்ததோ நானூறுக்கும் மேற்பட்ட படங்கள். பலவற்றில் ஒரு பாட்டு, ஒரு ஆட்டம், அவ்வளவுதான். அடக்கத்துக்குச் சிவப்பான கதாநாயகி, ஆசைக்கு மாநிறமான சில்க் என்று சினிமா பெண்களை இரண்டாகப் பிரித்து வைத்தது. பிள்ளை பெற்று, அடுப்படியில் வேர்த்து, வயசாகிக்கொண்டிருக்கும் நம்மைப் போன்றவர்கள் இரண்டிலும் இல்லை.

1996 செப்டம்பர் 23-ந் தேதி சென்னையில் தன் வீட்டில் இறந்து கிடந்தார். அப்போது அவருக்கு வயது 35. எனக்கு இப்போது 36.

விசில் அடித்துப் பார்த்த ஆண்களை யாரும் எந்தப் பேரும் வைத்துத் திட்டவில்லை. ஆடிப் பிழைத்தவர் பேர் மட்டும் வசவாகிவிட்டது. அதை வாயில் எடுத்ததில் பாதிப்பேர் நம்மைப் போன்ற பெண்கள்தான் என்பதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

மகளை உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். பாவம்மா அவங்க என்றாள். இனி எங்கள் வீட்டில் அந்தப் பேரைச் சொல்லி யாரையும் திட்ட மாட்டோம். சகோதரிகளே, நீங்களும் விட்டுவிடுங்களேன்.

- ஒரு வாசகி, பென்னாகரம், தருமபுரி மாவட்டம்.