புனித சவேரியாரும் மிதியடிப் பணமும்

டிசம்பர் 3ஆம் நாள் நாம் விழா எடுக்கும் புனித பிரான்சிஸ் சவேரியாரின் புதுமைகளை நம் மக்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. பாட்டிமார் சொல்லி வைத்திருக்கின்றனர். அவர் பணக்கணக்குப் பார்த்த கதையைத்தான் நாம் அதிகம் சொல்வதில்லை.

1506இல் நவார் நாட்டில் பிறந்து, பாரீஸில் பயின்று, போர்ச்சுகல் மன்னரின் வேண்டுகோளால் கப்பலேறி, 1542 மே மாதம் கோவா சேர்ந்தார். அவ்வாண்டே முத்துக்குளித்துறைக்கு வந்தார். பரதவ மக்கள் சில ஆண்டுகளுக்கு முன்பே, பகைவரிடமிருந்து காவல் நாடிப் போர்ச்சுகீசியரைச் சார்ந்து, திருமுழுக்கும் பெற்றிருந்தனர். அந்தக் காவல் இலவசமன்று. அவர்கள் கட்டிய வரியில் ஆண்டுக்கு 4,000 பணம், அரசி கத்தரீனாளின் மிதியடிச் செலவுக்கென்றே போயிற்று. மூச்சடக்கி முத்தெடுத்தவன் பணம் அது!

அப்பணத்தை ஊர்தோறும் வைத்த உபதேசிமாருக்குச் சம்பளமாகச் சவேரியார் கேட்டுப் பெற்றார். கணக்கப்பிள்ளை என்று மக்கள் அழைத்தது இவர்களைத்தான். குருவானவர் இல்லாத நாட்களில் சிறுவருக்கு ஜெபம் கற்பித்தவர்களும், சாகக்கிடந்த குழந்தைக்குத் திருமுழுக்குக் கொடுத்தவர்களும் இவர்களே. அரசு தானே நடத்தாமல், வரியில் ஒரு துண்டைக் கோயில் கையில் கொடுத்து நடத்துவித்த முறை இக்கரையில் இப்படித் தொடங்கியது. பிற்காலத்தில் இங்கே பள்ளிக்கூடம் கோயிலை ஒட்டியே நின்றதற்கு இதுவும் ஒரு காரணமென்று நாம் கருதுகிறோம்.

குறையையும் மறைக்கலாகாது. அவ்வுதவி மன்னர் தயவில் நின்றது. திருமுழுக்குப் பெற்றவருக்கே கிட்டியது. உரிமையென்று எவரும் கேட்க இயலவில்லை. காவல் தருவதாகச் சொன்னவர்களோ எப்போதும் காக்கவுமில்லை. தூத்துக்குடியிலிருந்த போர்ச்சுகீசியத் தலைவர் குதிரை வியாபாரத்திலே கண்ணாயிருந்தார். 1544இல் வடுகர் படை வந்தபோது மக்கள் கன்னியாகுமரிப் பாறைகளில் பசியோடு ஒதுங்கினர். சவேரியார் மணப்பாட்டிலிருந்து 20 தோணிகளில் உணவு ஏற்றிப் புறப்பட்டார். எதிர்காற்று விடவில்லை. திரும்பி வந்து, கால்நடையாகவே அவர்களிடம் போய்ச் சேர்ந்தார்.

1552இல் சீனக் கரையருகே சான்சியான் தீவில் அவர் உயிர் பிரிந்தது. அவர் வழிவந்த ஹென்றிக்கஸ் அடிகளார் புன்னைக்காயலில் ஏழை நோயாளிகளுக்கு மருத்துவமனை நடத்தினார். அதற்கு மக்களும் கொடுத்தார்கள். 1658இல் டச்சுக்காரர் தூத்துக்குடியைப் பிடித்தனர். குருக்கள் விரட்டப்பட்டனர், போர்ச்சுகீசியக் கஜானாவின் உதவியும் அற்றுப்போயிற்று. மக்கள் கோயிலை விடவில்லை. மீன்பாட்டில் ஒரு பங்கைக் கோயிலுக்கென்று எடுத்து வைத்த வழக்கத்தை நம் கடற்கரை ஊர்ப் பெரியவர்கள் அறிவார்கள்.