பெயரை மாற்றப் போராடிய பரங்கிமலைக்காரர்

செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் கடற்கரை வரை எந்தச் சாலையில் போனாலும், ஊருக்கு ஒரு பலகை, சற்றுத் தள்ளி நம் குடியிருப்புக்கு ஒரு பலகை எனப் பார்த்தே வளர்ந்தோம். இரண்டாவது பலகையில் பெரும்பாலும் காலனி என்றிருக்கும். அந்தச் சொல்லை அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் நீக்குவதாக, 2025 ஏப்ரல் 29 அன்று சட்டப்பேரவையில் முதல்வர் மு.க.ஸ்டாலின் அறிவித்தார். தெரு, குடியிருப்பு, நீர்நிலைகளின் சாதிப் பெயர்களை மாற்ற அக்டோபரில் அரசாணை வந்தது. இழிசொல்லை அரசு ஏட்டிலிருந்து நீக்கும் வேலையை நூறாண்டுக்கு முன்பே சட்டமன்றத்தில் செய்தவர் நம் மண்ணின் எம்.சி.ராஜா.

1883 ஜூன் 17 அன்று பரங்கிமலையில் பிறந்தார். அன்று அது செங்கல்பட்டு மாவட்டத்து ஊர். ராயப்பேட்டை வெஸ்லி பள்ளியிலும் சென்னை கிறித்தவக் கல்லூரியிலும் படித்தார். ஆசிரியராகிப் பாடநூல்களும் எழுதினார். 1916இல் ஆதிதிராவிட மகாஜன சபையின் செயலாளரானார்.

அன்றைய அரசு ஏடுகளில் நம் மக்கள் பறையர், பஞ்சமர் என்றே குறிக்கப்பட்டார்கள். பஞ்சமர் என்றால் நான்கு வருணத்துக்கும் வெளியே நிறுத்தப்பட்ட ஐந்தாமவர். வருவாய்க் கணக்கில் ஊர் நத்தம் வேறு, பறைச்சேரி நத்தம் வேறு. ஆளைத் தாழ்த்திய சொல்லே அவன் குடியிருந்த மண்ணுக்கும் பெயரானது.

மதுராந்தகம் அருகே கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன், 1893இல் பறையன் என்ற பெயரிலேயே இதழ் தொடங்கினார். ஏசப் பயன்பட்ட சொல்லைத் தலைநிமிர்ந்து ஏந்தினார். ராஜா பிடித்தது வேறு வழி. சென்னை சட்டமன்றத்தில் 1922இல் அவர் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். அந்தப் பழைய பெயர்களை அரசு கைவிட வேண்டும், தமிழ் பேசுவோரை ஆதிதிராவிடர் என்றும், தெலுங்கு பேசுவோரை ஆதிஆந்திரர் என்றும் எழுத வேண்டும் என்பது அதன் சாரம். தீர்மானம் நிறைவேறியது. அதே ஆண்டில் அரசாணையும் வந்தது. இந்த மண்ணின் மூத்த குடிகள் என்ற பொருளில் அரசு ஏட்டில் நமக்கொரு பெயர் ஏறியது.

1923இல் நீதிக்கட்சியை விட்டு விலகினார். பின்னர் மத்திய சட்டமன்றத்தில் பல ஆண்டுகள் பணியாற்றினார். 1932இல் மூஞ்சேவுடன் அவர் செய்த ஒப்பந்தம், தனித்தொகுதி கேட்ட அம்பேத்கருக்கும் சீனிவாசனுக்கும் எதிரான திசையில் இருந்தது. அதன் மீதான விமர்சனம் இன்றும் தொடர்கிறது. அதை மறைத்து அவர் வரலாற்றைச் சொல்ல முடியாது.

பெயர் மாறினால் போதும் என்று அவர் இருந்துவிடவில்லை. பொதுக் கிணறு, பொதுவழி, பொதுப் போக்குவரத்து ஆகியவற்றில் நம் மக்களைத் தடுக்கக் கூடாது என்று அவர் கொண்டுவந்த மசோதா 1938இல் சட்டமானது. அதே ஆண்டில் அவர் கொண்டுவந்த கோயில் நுழைவு மசோதாவை ராஜாஜி அரசு ஏற்கவில்லை, அது தோற்றது. 1943 ஆகஸ்ட் 20 அன்று ராஜா மறைந்தார். சைதாப்பேட்டையில் அவர் பெயர் தாங்கிய விடுதி, கிராமத்துப் பிள்ளைகள் பலரைப் படிக்கவைத்திருக்கிறது.

இன்று மாற்றச் சொல்லும் பெயர்களில் ஆதிதிராவிடர் காலனி என்பதும் ஒன்று. அன்று மரியாதைக்காகப் பெற்ற பெயரே இன்று ஒதுக்கிவைக்கும் அடையாளமாகிவிட்டது. ஊரும் சேரியும் பிரிந்தே இருந்ததால், பழைய சொல்லின் இழிவு புதிய சொல்லிலும் வந்து ஒட்டிக்கொண்டது.

ஆகவே, கிராம சபைக்குப் போகும் மாணவர்கள் இரண்டு கோரிக்கைகளையும் சேர்த்தே எழுப்ப வேண்டும். புதிய பெயரை அங்கு வாழ்கிறவர்களே தேர்வு செய்யட்டும். அதே மனுவில் சுடுகாட்டுப் பாதை, குடிநீர், பேருந்து நிறுத்தம் பற்றியும் எழுதுங்கள். 1922இல் பெயரைக் கேட்ட ராஜா, 1938இல் கிணற்றையும் வழியையும் கேட்டார்.