பேரழிவைத் திரையில் வடித்த எய்ஜி சுபுராயா

வெள்ளம் ஊரை அழிப்பதையோ, தீ வீட்டை விழுங்குவதையோ நேரிற் கண்டு மகிழ்பவர் இலர். அத்தகைய காட்சியினின்று கண்ணைத் திருப்பிக்கொள்வதும், அங்கே துன்புறுவோர்க்கு இரங்குவதுமே மக்கள் இயல்பு. ஆயினும், அதே வெள்ளமும் தீயும் நிலநடுக்கமும் வெண்டிரையில் தோன்றுமாயின், மக்கள் காசு கொடுத்துச் சீட்டுப் பெற்று, கூட்டத்தில் நெருக்குண்டு, இமை கொட்டாது பார்த்து மீள்கின்றனர். பெரும்பொருள் செலவிட்டு எடுக்கப்படும் பேரழிவுப் படங்களுக்கு உலகெங்கும் குறையாத வரவேற்பு இருந்துவருகின்றது. இஃது என்ன விந்தை! பிறர் துன்பத்தில் இன்பங் காணும் கொடுமை மனித உள்ளத்தில் மறைந்து கிடக்கின்றதா? அன்றி, இதற்கு வேறு காரணம் உண்டா? அவ்வகைப் படங்களுக்கே தம் வாழ்நாளின் பெரும் பகுதியை ஒப்புவித்த ஒருவருடைய வரலாற்றில் இவ்வினாவை ஆராய்தல் பயன் தருவதாகும். அவரே ஜப்பான் நாட்டுச் சினிமாக் கலைஞர் எய்ஜி சுபுராயா.

இளமை

சுபுராயா 1901-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், புக்குஷிமா மாகாணத்தைச் சேர்ந்த சுகாகாவா என்னும் ஊரிற் பிறந்தார். மூன்று வயதிலேயே தாயை இழந்தார். தந்தையாரும் பிரிந்து சென்றனர். ஆகவே, பாட்டியாரின் அரவணைப்பிலேயே அவர் வளரலாயினார். 1910-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் ஜப்பானிய இராணுவத் தலைவர் இருவர் தோக்கியோவில் முதன்முதலாக ஆகாய விமானத்தில் பறந்து காட்டினர். அச்செய்தி ஒன்பது வயதுச் சிறுவனாகிய சுபுராயாவின் உள்ளத்தைக் கொள்ளை கொண்டது. அன்றுதொட்டு மரத்தினால் சிறு விமானங்கள் செய்வதே அவருக்கு விளையாட்டும் வேலையும் ஆயிற்று.

விமானியாக வேண்டும் என்னும் ஆவல் மேலிட, 1916-இல் ஹானேதாவில் அப்போது தொடங்கப்பெற்ற விமானப் பள்ளியிற் சேர்ந்தார். அடுத்த ஆண்டே அப்பள்ளியின் ஆசிரியர் விமானம் வீழ்ந்து உயிர் துறந்தமையால் பள்ளி மூடப்பட்டது. பறக்கும் கனவு கலைந்த இளைஞர், மின்சாரத் தொழிற் பள்ளியில் பயின்றுகொண்டே, பொம்மை செய்யும் கம்பெனி ஒன்றிற் பணி செய்து செலவுக்குப் பொருள் தேடினார். 1919-இல் சினிமாத் துறையினர் ஒருவரின் நட்பு தற்செயலாக வாய்க்க, ஒளிப்பதிவுத் தொழிலிற் புகுந்தார். பொம்மை செய்யப் பழகிய கையும், வானத்தையே நோக்கிய கண்ணும், மின்சாரம் கற்ற அறிவும் வீண் போகவில்லை. மூன்றும் பின்னாளில் ஒரு தொழிலிலே வந்து கூடின.

1933-இல் அமெரிக்காவில் எடுக்கப்பட்ட கிங் காங் என்னும் படத்தை அவர் கண்டார். மாபெருங் குரங்கொன்று நியூயார்க் நகரில் விளைக்கும் அமளியைப் பார்த்தவர் பலர். வியந்து வீடு சென்றவரும் பலர். சுபுராயாவோ அப்படத்தின் பிரதி ஒன்றைத் தேடிப் பெற்று, ஒவ்வொரு சட்டமாக நிறுத்தி நோக்கி, அது செய்யப்பட்ட வகையைத் தாமே ஆராய்ந்தார். இத்தகைய படம் ஒன்றைத் தம் நாட்டிலும் ஆக்கிவிட வேண்டும் என்னும் எண்ணம் அன்றே அவர் நெஞ்சில் வேரூன்றியது. அது நிறைவேற இருபது ஆண்டுகளுக்கு மேலாயிற்று.

போரும் வீழ்ச்சியும்

1937-இல் தோஹோ கம்பெனியார் அவரைத் தந்திரக் காட்சிகளுக்குப் பொறுப்பாளராக அழைத்துக்கொண்டனர். அவ்வாண்டிலேயே ஜப்பான் சீனத்தின்மேற் படையெடுத்தது. சினிமாவும் அரசாங்கத்தின் போர்ப் பிரசாரத்துக்குக் கருவியாயிற்று. 1941-ஆம் ஆண்டு டிசம்பரில் பெர்ல் துறைமுகம் தாக்கப்பட்டது. அதன் முதலாண்டு நிறைவின்போது வெளியிடுவதற்காக, ஹவாய் முதல் மலேயா வரை நிகழ்ந்த கடற்போரைப் பற்றிய படம் ஒன்று எடுக்கப் பெற்றது. அதற்காகச் சுபுராயா துறைமுகம் முழுவதையும் மாதிரி உருவாகக் கட்டி, அமெரிக்கக் கப்பல்கள் குண்டு வீச்சிற் சிதறி எரியும் காட்சியைப் படைத்தார். கடற்படையினர் போதிய விவரங்களைத் தர மறுத்தமையால், பத்திரிகைகளில் வந்த புகைப்படங்களிலிருந்தே அளவுகளைக் கணித்தார் என்பர். 1942-இல் வெளிவந்த அப்படத்தை மக்கள் திரள்திரளாகச் சென்று கண்டனர்.

அப்படத்தில் எரிந்தவை மாற்றார் கப்பல்கள். எரிந்த கப்பலுக்குள் இருந்த மாலுமிகளை எண்ணி இரங்குவதற்கு அதில் இடமில்லை. அழிவு வெற்றியின் அடையாளமாக மட்டுமே காட்டப்பட்டது. ஆனால், அவ்வழிவு விரைவில் ஜப்பானியர் வீட்டு வாயிலுக்கே வந்தது. 1945-ஆம் ஆண்டு மார்ச்சு 10-ஆம் நாள் இரவில் அமெரிக்க விமானங்கள் வீசிய தீக்குண்டுகளால் தோக்கியோவில் ஏறக்குறைய 1,00,000 மக்கள் மாண்டனர். ஆகஸ்டுத் திங்களில் ஹிரோஷிமாவும் நாகசாகியும் அணுகுண்டுகளுக்கு இரையாயின.

போர் முடிந்தபின், பிரசாரப் படங்களிற் பங்கு கொண்டவர் என்னும் காரணத்தால் 1948-இல் சுபுராயா தோஹோவை விட்டு நீங்க நேர்ந்தது. அவர் சோர்ந்து இருந்துவிடவில்லை. தம் இல்லத்திலேயே சிறு தொழிற்கூடம் அமைத்து, பிறர் படங்களுக்கு வேண்டிய தந்திரக் காட்சிகளைச் செய்து கொடுத்துக் காலங் கழித்தார். சில ஆண்டுகளுக்குப் பின் தோஹோவின் கதவு அவருக்கு மீண்டும் திறந்தது.

கொஜிராவின் தோற்றம்

1954-ஆம் ஆண்டு மார்ச்சு முதல் நாள், பசிபிக் மாகடலிலுள்ள பிகினித் தீவில் அமெரிக்கர் ஹைட்ரஜன் குண்டொன்றை வெடித்துச் சோதித்தனர். தொலைவில் மீன் பிடித்துக்கொண்டிருந்த ஜப்பானியப் படகொன்றின்மேல் நச்சுச் சாம்பல் மழைபோற் பெய்தது. படகில் இருந்த 23 பேரும் நோயுற்றனர். அவருள் ஒருவர் செப்டம்பரில் இறந்தார். நாடெங்கும் மீன் வாங்கவும் மக்கள் அஞ்சினர். அவ்வேளையில், தோஹோவின் தயாரிப்பாளர் டனாக்கா, குண்டு வெடிப்பினால் கடலடியினின்று எழுந்து நகரை அழிக்கும் பூதம் ஒன்றைப் பற்றிப் படம் எடுக்கத் திட்டமிட்டார். நெறியாளர் இஷிரோ ஹோண்டா. இவர் போர்வீரராகச் சீனத்தில் இருந்து, தோல்விக்குப்பின் நாடு திரும்பும் வழியில் பாழ்பட்ட ஹிரோஷிமாவைக் கண்ணுற்றவர். அழிவுக் காட்சிகளின் பொறுப்பு சுபுராயாவிடம் வந்தது. கொரில்லா என்பதையும், திமிங்கிலத்துக்குரிய குஜிரா என்னும் ஜப்பானியச் சொல்லையும் இணைத்துப் பூதத்துக்குக் கொஜிரா என்று பெயரிட்டனர். மேனாட்டார் நாவில் அது காட்ஸில்லா ஆயிற்று.

கிங் காங்கைப்போலச் சிறு பாவையைச் சட்டஞ் சட்டமாக அசைத்து எடுப்பதே சுபுராயாவின் விருப்பம். அதற்குப் பல்லாண்டுகள் வேண்டும். கம்பெனியார் கொடுத்ததோ சில மாதங்களே. ஆகவே, மனிதன் ஒருவனுக்குப் பூத வேடம் பூட்டுவது என முடிவு செய்தார். கதையிற் பூதத்தின் உயரம் 50 மீட்டர். அதற்கேற்ப நகரத்தை 25-இல் ஒரு பங்கு அளவிற் கட்டுவித்தார். தோக்கியோவின் கடைவீதியும் மணிக்கூண்டும் பாராளுமன்றக் கட்டிடமும் ஸ்டூடியோவுக்குள் எழுந்தன. எக்கட்டிடத்தை எவ்வாறு இடிப்பது என்று கண்டறிய, அவரும் ஹோண்டாவும் ஒரு வணிக மாளிகையின் மேல்தளத்தில் நின்று நகரைச் சுட்டிப் பேசினர். அதனைக் கேட்ட காவலர், இவர்கள் மெய்யாகவே நகரை அழிக்க வந்த கொடியவரோ என்று ஐயுற்றுத் தடுத்து வினவினர் என்று ஒரு செய்தி உண்டு.

சிறு கட்டிடம் இடிந்து வீழ்ந்தால் அது விரைந்து வீழும். பார்ப்பவர் பொம்மை என்று கண்டுகொள்வர். பெரும் பொருளோ கீழே வரச் சற்றுக் காலம் கொள்ளும். உருவம் 25-இல் ஒரு பங்காகுமானால், காலத்தை ஏறக்குறைய ஐந்து மடங்கு நீட்டினால்தான் கண் ஏமாறும் என்பது பௌதிக நூற் கணக்கு. எனவே, மிகு வேகத்திற் படம் பிடித்து, வழக்கமான வேகத்தில் ஓட்டிக் காட்டினார். பொம்மைச் சுவர்கள் மலைபோற் சரிந்தன. மின்சாரக் கம்பிக் கோபுரங்களை மெழுகினாற் செய்து, விளக்கின் வெம்மையால் உருகச் செய்தார். ஏறக்குறைய 100 கிலோ எடையுள்ள வேடத்துக்குள் நடந்த நாக்காஜிமா என்னும் நடிகர், சில நிமிடங்களுக்குமேல் தாங்க மாட்டாது வியர்வையில் நனைந்து வெளியேறுவார்.

மக்கள் ஏன் கண்டனர்?

1954-ஆம் ஆண்டு நவம்பர் 3-ஆம் நாள் கொஜிரா வெளிவந்தது. ஜப்பானின் மக்கட்டொகை அன்று ஏறத்தாழ ஒன்பது கோடி. அப்படத்தைக் காண விற்ற சீட்டுகளோ 96 இலட்சம். தோக்கியோ எரிந்து பத்தாண்டுகள் நிரம்பவில்லை. பெற்றோரையும் மக்களையும் தீக்கு இழந்தவர் அக்கூட்டத்தில் இருந்தனர். தம் நகரம் மீண்டும் எரிவதை அவர்கள் ஏன் விரும்பிக் கண்டனர்? நாட்டின் துயரத்தை விற்றுப் பொருளீட்டுகின்றனர் என்று அந்நாளிற் பழித்தவரும் உண்டு.

படத்தை நோக்கினால் விடை ஒருவாறு விளங்கும். பூதத்தின் ஆர்ப்பாட்டத்தோடு அது நின்றுவிடவில்லை. தீச்சூழ்ந்த தெருவோரத்தில் ஒரு தாய் தன் குழந்தைகளை அணைத்துக்கொண்டு, இறந்துபோன தந்தையிடம் விரைவிற் போய்ச் சேர்வோம் என்று தேற்றுகின்றாள். மறுநாட் காலையில் வைத்தியசாலையின் நடைகளில் அடிபட்டோர் வரிசையாகக் கிடக்கின்றனர். பள்ளிச் சிறுமியர் கூடி அமைதி வேண்டிப் பாடுகின்றனர். பூதத்தை அழிக்கவல்ல கருவியைக் கண்டுபிடித்த அறிஞரோ, அது கொடியோர் கையிற் சிக்கி உலகை அழிக்கக் கூடாதென்று, குறிப்புகளை எரித்துவிட்டு, தாமும் கடலடியிலேயே பூதத்தோடு மாய்கின்றார்.

வானினின்று வீழ்ந்த தீ மெய் வாழ்வில் முகமற்றதாய் இருந்தது. ஏன் வந்தது, எப்போது ஓயும் என்று கீழே ஓடினவர் அறியார். திரையில் அவ்வச்சத்துக்கு ஓர் உருவம் கிடைத்தது. அதற்கு ஒரு தொடக்கமும் ஒரு முடிவும் கிடைத்தன. தனித்தனியே இருளில் அழுதவர், ஒரே கொட்டகையிற் பலரோடு அமர்ந்து அதனை நேர்முகமாக நோக்க முடிந்தது. வியப்பு அவர்களை உள்ளே அழைத்தது. ஆயினும், அங்கே அவர்களுக்குக் கிடைத்தது வியப்பு மட்டுமன்று. 1942-இல் மாற்றார் அழிவைக் களிப்பாகக் காட்டிய அதே கை, 1954-இல் அழிவைத் துயரமாகக் காட்டியது. கைத்திறன் ஒன்றே, அதனைக் கொண்டு சொல்லப்பட்ட பொருளே வேறு.

1956-இல் அமெரிக்கர் அப்படத்திற் பல பகுதிகளை நீக்கி, தம் நாட்டு நடிகர் ஒருவரைச் சேர்த்து வெளியிட்டனர். அணுகுண்டைப் பற்றிய கசப்பான நினைவுகள் அதிற் பெரும்பாலும் மறைந்தன, இடிபாடுகள் மிஞ்சின. அதற்கும் கூட்டம் வந்தது. இடிபாட்டின் கவர்ச்சி தனியே நின்றும் பணம் சேர்க்கும் என்பதை இது காட்டும்.

பிற்காலம்

அடுத்த பதினைந்து ஆண்டுகள் சுபுராயாவின் பொற்காலம். 1956-இல் வண்ணப் படமாக ரோடான், 1961-இல் மோத்ரா என்னும் படங்கள் வெளிவந்தன. அவ்வாண்டிலேயே உலகின் இறுதிப் போரைக் காட்டும் படமொன்றுக்கு, தோக்கியோ அணுகுண்டினால் முற்றும் அழியும் காட்சியை அமைத்தார். 1962-இல் தம் இளமைக் கனவாகிய கிங் காங்கையே கொஜிராவோடு பொருத வைத்தார். அதனைக் கண்டவர் தொகை ஒரு கோடியைக் கடந்தது.

குழந்தைகள் தம் படங்களை விரும்பிக் காண்பதை அறிந்த அவர், அவர்கள் மனம் நோகாதபடி காட்சிகளை மென்மையாக்கினார். குருதி சிந்துவதைக் காட்ட உடன்படார். 1963-இல் சொந்தக் கம்பெனி நிறுவி, 1966-இல் அல்ட்ராமான் என்னும் தொலைக்காட்சித் தொடரை வெளியிட்டார். ஆயினும், ஒன்றை மறைத்தலாகாது. மக்களை நடுங்க வைத்த கொஜிரா நாளடைவிற் சிறுவர் சிரித்து மகிழும் மல்லனாயிற்று. முதற்படத்தின் துயரக் குரல் பிற்படங்கள் பலவற்றில் ஒலிக்கவில்லை. அணுகுண்டின் அச்சத்தைக் காட்டப் பிறந்த ஒன்று விளையாட்டுப் பொருளாவதை ஹோண்டா விரும்பவில்லை. குழந்தையின் களிப்பும் போற்றத்தக்கதே. எனினும், முதற்படத்தோடு ஒப்பிடுவோர் இழந்தது யாதென உணர்வர்.

ஓயாத உழைப்பினால் உடல் நலிந்த சுபுராயா, 1970-ஆம் ஆண்டு ஜனவரி 25-ஆம் நாள் தம் 68-ஆம் வயதில் மாரடைப்பினாற் காலமானார். சுகாகாவாவில் 2019-இல் அவர் பெயரால் காட்சிச்சாலை ஒன்று திறக்கப்பட்டது. போர் முடிந்த காலத்து ஜப்பானியரின் துயரத்தைக் கருவாகக் கொண்டு 2023-இல் வெளிவந்த புதிய கொஜிராப் படம், 2024-இல் காட்சி நுட்பத்துக்கான ஆஸ்கார் பரிசை வென்றது.

மெழுகுக் கோபுரங்களும் பொம்மை வீதிகளும் போய், இன்று கணினிகள் நகரங்களை இடிக்கின்றன, செலவும் பன்மடங்காயிற்று. ஆயினும், பேரழிவுப் படங்களைக் காணச் செல்லும் மாணவர் கொட்டகையை விட்டு வெளிவரும்போது தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்றுண்டு. வீழ்ந்த கட்டிடங்கள் நினைவில் நிற்கின்றனவா, அவற்றின் கீழே நின்ற மனிதர் நினைவில் நிற்கின்றனரா? தெருவோரத்துத் தாயும் அவள் அணைத்த குழந்தைகளும் எழுபது ஆண்டுகளுக்குப் பின்னும் நினைவில் நிற்கின்றனர். சுபுராயா ஆயிரம் கட்டிடங்களை இடித்தார். அவர் புகழை நிலைநிறுத்தியவை, இடிபாட்டின் நடுவே அம்மனிதரை மறவாத படங்களே.