டாக்டர் சௌந்தரம் அம்மா

நம்ம மலருக்காக டாக்டர் சௌந்தரம் ராமச்சந்திரன் அம்மாவைப் பத்தி எழுதறேன்.

1904இல் பிறந்தவர். டி.வி.எஸ். கம்பெனி ஆரம்பிச்ச சுந்தரம் அய்யங்காரோட மகள். சின்ன வயசுலயே கல்யாணம். டாக்டரா இருந்த கணவர் பிளேக் நோயில் இறந்துட்டார். அப்பல்லாம் தாலி அறுத்த பொண்ணு மூலையில உக்கார வேண்டியதுதான். இவங்க டில்லிக்குப் போய் டாக்டருக்குப் படிச்சாங்க. 1940இல், வீட்டு எதிர்ப்பையும் மீறி, ஜி. ராமச்சந்திரனை மறுமணம் செய்தார். நடத்தி வச்சது காந்தியடிகள்.

1947இல் இருவரும் சின்னாளபட்டி பக்கத்தில் காந்திகிராமத்தைத் தொடங்கினாங்க. முதல்ல சின்னதா ஒரு ஆஸ்பத்திரி. அதோட நிக்கலை. கிராமத்துப் பொண்ணுங்களுக்கே பிரசவம் பார்க்க, பிள்ளை வளர்ப்பு, சுத்தம் சுகாதாரம் எல்லாம் பயிற்சி கொடுத்து ஊர் ஊரா அனுப்பினாங்க. ஆதரவில்லாத பெண்களும் அதுல படிச்சு வேலைக்கு வந்தாங்க. ஒரு வீட்டுக்குள்ள போய், அங்க இருக்கிற கஷ்டத்தைக் கேக்கிறதும் ஒரு படிப்புதானே!

இதை நான் லேட்டாத்தான் புரிஞ்சுக்கிட்டேன். எங்க குழுவுல ஒரு அக்கா மூணு மாசம் தவணை கட்டலை. வாசல்ல நின்னு சத்தம் போட்டுட்டு வந்தேன். அடுத்த வாரம் மனசு கேக்காம உள்ளே போய் உக்காந்தேன். ஏலத்தோட்டத்து வேலையில விழுந்து வீட்டுக்காரர் படுக்கையில இருந்தார். மகளைப் படிப்பை நிறுத்தி ஜீப்புல ஏத்திவிடலாம்னு இருந்தாங்க. குழுவுல பேசித் தவணையைத் தள்ளிவச்சோம். பிள்ளை இப்ப பிளஸ் டூ.

சௌந்தரம் அம்மா 1962இல் திண்டுக்கல் எம்.பி. ஆகி, மத்தியக் கல்வித் துணை அமைச்சராவும் இருந்தாங்க. 1984இல் இறந்தாங்க. அந்தச் சின்ன ஆஸ்பத்திரிதான் இன்னைக்குக் கஸ்தூர்பா ஆஸ்பத்திரி.