காசு இல்லாத கம்பெனி, மெரினா கடற்கரை, ஒரு முழுநீள காமெடி: இயக்குநர் ஸ்ரீதர் ஜெயித்த கதை

காஞ்சிபுரத்தில் கோயில் உண்டு, தறி உண்டு, பட்டு உண்டு. கடல் மட்டும் கிடையாது. பெரும்பாலான மாதங்களில் மணலாகவே கிடக்கும் பாலாறுதான் ஊருக்குக் கிட்டத்தட்ட ஒரு கடற்கரை. ஆனால் பழைய செங்கல்பட்டு மாவட்டத்தின் ஒரு ஓரத்தில் காஞ்சிபுரம் இருந்தது என்றால், இன்னொரு ஓரம் முழுக்க வங்கக் கடல். நடுவில் மதுராந்தகம் வட்டாரம். அங்கே 1933 ஜூலை 22ஆம் தேதி பிறந்த ஒருவர்தான், தமிழ் சினிமாவை மெரினா மணலில் உட்கார வைத்துச் சிரிக்கவும் வைத்தார்.

அவர் பெயர் சி.வி.ஸ்ரீதர். படம்: 'காதலிக்க நேரமில்லை'.

1997இல் மாவட்டம் பிரிந்தபோது அவருடைய சொந்த வட்டாரம் காஞ்சிபுரம் மாவட்டத்துக்குப் போனது. 2019இல் மறுபடியும் பிரித்து செங்கல்பட்டு மாவட்டம் என்று ஆக்கினார்கள். அதனால் இவரை எந்த மாவட்டத்துக்காரர் என்று சொல்வது என்பதிலேயே கொஞ்சம் சிக்கல். ஆனால் அவர் கதை பிடித்த இடம் எது என்பதில் சந்தேகமே இல்லை. அது மெரினா பீச்.

யார் இந்த ஸ்ரீதர்?

இன்றைய தலைமுறைக்கு ஸ்ரீதர் என்றால் பழைய கறுப்பு வெள்ளைப் பட டைரக்டர், அவ்வளவுதான். ஆனால் 1950களில் அவர் ஒரு அதிசயம். இருபது வயதை ஒட்டிய காலத்திலேயே 'ரத்தபாசம்' என்று ஒரு நாடகம் எழுதினார். டி.கே.எஸ். சகோதரர்கள் அதை மேடையேற்றினார்கள். 1954இல் அதுவே சினிமாவும் ஆனது. அதே வருஷம் 'எதிர்பாராதது', 1956இல் 'அமரதீபம்', 1958இல் 'உத்தமபுத்திரன்' என்று வசனகர்த்தாவாக வரிசையாக வெற்றி. வீனஸ் பிக்சர்ஸ் என்ற கம்பெனியில் பங்குதாரராகவும் ஆகிவிட்டார்.

1959இல் 'கல்யாண பரிசு' மூலம் டைரக்டர் ஆனார். அக்கா, தங்கை, இரண்டு பேர் மனதிலும் ஒரே ஆள். தியேட்டரில் கைக்குட்டை நனையாமல் வெளியே வந்தவர்கள் குறைவு. ஆனால் அந்தப் படத்துக்குள்ளேயே இன்னொரு படம் ஓடிக்கொண்டிருந்தது. வேலைக்கே போகாமல், மன்னார் அண்ட் கம்பெனியில் வேலை என்று வீட்டில் அளந்துவிடும் தங்கவேலுவின் காமெடி. அழுகைக்கு நடுவே வந்த அந்தப் பொய்க் கம்பெனி, தமிழ்நாட்டில் வெட்டியாகத் திரிபவர்களுக்கு எல்லாம் பட்டப்பெயரே ஆகிவிட்டது.

அப்போதைய வழக்கம் அப்படித்தான். கதை ஒரு பக்கம், காமெடி இன்னொரு பக்கம். ஊறுகாய் மாதிரி தொட்டுக்கொள்ள மட்டும். ஊறுகாயையே சாப்பாடாகப் போட்டால் யார் சாப்பிடுவார்கள் என்பதுதான் அன்றைய தயாரிப்பாளர்களின் பயம்.

சின்ன செலவு, பெரிய படம்

1961இல் ஸ்ரீதர் சித்ராலயா என்ற சொந்த கம்பெனி மூலம் 'தேன் நிலவு' எடுத்தார். ஜெமினி கணேசன், வைஜெயந்திமாலா, காஷ்மீர் ஏரி என்று கொஞ்சம் தாராளமான செலவு. அடுத்த வருஷமே அதற்கு நேர் எதிராக ஒரு வேலை செய்தார். 'நெஞ்சில் ஓர் ஆலயம்' என்ற படத்துக்காக ஒரே ஒரு ஆஸ்பத்திரி செட் போட்டார். கல்யாண்குமார், தேவிகா, முத்துராமன் என்று பெரிய ஸ்டார் யாரும் இல்லாத கூட்டணி. ஒரு மாதத்துக்கும் குறைவான நாட்களில் படப்பிடிப்பு முடிந்தது. படம் பிய்த்துக்கொண்டு ஓடியது. இந்தியில் 'தில் ஏக் மந்திர்' என்று அவரே மறுபடி எடுத்து அங்கேயும் ஜெயித்தார்.

ஸ்டார் இல்லாமலும் செட்டுக்கு மேல் செட் போடாமலும் கதையை மட்டும் நம்பி ஜெயிக்கலாம் என்ற தைரியம் அங்கேதான் வந்தது. அந்தத் தைரியம் இல்லாவிட்டால் 1964இல் நடந்தது நடந்திருக்காது.

மெரினாவில் என்ன நடந்தது?

ஸ்ரீதரின் நிழல் மாதிரி ஒருவர் கூடவே இருந்தார். செங்கல்பட்டு பள்ளிக்கூட நாள் முதலே நண்பர். பிற்காலத்தில் சித்ராலயா கோபு என்று எல்லோருக்கும் தெரிந்தவர். ஸ்ரீதர் படங்களில் சிரிப்பு எங்கே வந்தாலும் கோபுவின் கை அங்கே இருக்கும். காஞ்சிபுரத்துக் கோர்வைப் புடவையில் உடலுக்கு ஒரு நாடா, கரைக்கு வேறு நாடா ஓடும். அதற்காகவே தறியில் இரண்டு பேர் உட்காருவார்கள். முடிந்த புடவையில் யார் எதைப் போட்டார் என்று பிரித்துக் காட்ட முடியாது. இவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து எழுதியதும் அந்த ரகம்தான்.

இருவரும் கதை பேசுவதற்குப் போகும் இடம் மெரினா. அப்படி ஒரு நாள் பேச்சுவாக்கில், ஆரம்பத்திலிருந்து கடைசி வரை சிரிப்பு மட்டுமே இருக்கிற மாதிரி ஒரு படம் எடுக்கலாமே என்று கோபு சொன்னார். ஸ்ரீதர் முதலில் ஒப்புக்கொள்ளவில்லை. காரணமும் நியாயமானதுதான். ஸ்ரீதர் என்றால் கண்ணீர், தியாகம், முக்கோணக் காதல் என்று ஜனங்கள் பழகியிருந்தார்கள். அந்தப் பெயரை நம்பி வருகிறவர்களுக்கு வெறும் சிரிப்பைக் கொடுத்தால் போச்சு, கம்பெனியே கவிழலாம். சொந்தப் பணம் வேறு. கோபு விடவில்லை. கடைசியில் ஸ்ரீதர் இறங்கி வந்தார்.

இறங்கியதும் பாதிக் கிணறு தாண்டவில்லை. ஈஸ்ட்மென் கலரில் எடுப்பது என்று முடிவு. கலர் ஃபிலிம் அன்றைக்குக் கையைக் கடிக்கும் சமாச்சாரம். ஆனால் கலருக்குக் கொடுத்ததை ஸ்டாருக்குக் கொடுக்கவில்லை. மலேசியாவில் பிறந்து, திருச்சியில் படிக்க வந்திருந்த ஒரு பையனை ரவிச்சந்திரன் என்ற பெயரில் ஹீரோ ஆக்கினார். விமானப் பணிப்பெண்ணாக இருந்தவரை காஞ்சனா என்ற பெயரில் ஹீரோயின் ஆக்கினார். கூட முத்துராமன், ராஜஸ்ரீ. குழந்தை நட்சத்திரமாக வந்து ஹீரோயினாகவும் நடித்துவிட்ட சச்சுவை காமெடிக்குக் கொண்டுவந்தார்; இனிமேல் காமெடி நடிகை என்றே முத்திரை விழுந்துவிடுமோ என்று அவருக்குத் தயக்கம் இருந்தது. வில்லனாகவும் குணச்சித்திர நடிகராகவும் பெயர் வாங்கியிருந்த பாலையா அப்பா வேடத்துக்கு. நாகேஷ் மகன்.

முத்துராமனும் காஞ்சனாவும் பாடும் பாட்டை மெரினாவிலேயே எடுத்தார்கள். ஒளிப்பதிவு வின்சென்ட், இசை விஸ்வநாதன் - ராமமூர்த்தி. எஸ்டேட் காட்சிகளுக்குப் பொள்ளாச்சி பக்கம் ஆழியாறு. வெயில், மணல், அலை, அணை எல்லாமே இயற்கை போட்டுக் கொடுத்த செட்.

1964 பிப்ரவரி 27ஆம் தேதி படம் வெளியானது. வெள்ளிவிழா கண்டது.

அமெரிக்காவிலும் அதே நேரம் பீச் காமெடி

இங்கே ஒரு ஆச்சரியமான ஒற்றுமை. 1963இல்தான் அமெரிக்காவில் 'பீச் பார்ட்டி' என்ற படம் வந்தது. அமெரிக்கன் இன்டர்நேஷனல் பிக்சர்ஸ் என்ற கம்பெனி. குறைந்த செலவில், சில வாரங்களில் படத்தை முடித்து, காரில் உட்கார்ந்தபடியே பார்க்கும் திறந்தவெளித் தியேட்டர்களுக்கு அனுப்புவது அவர்கள் தொழில். ஃப்ராங்கி அவலான், அனெட் ஃபூனிசெல்லோ ஜோடி. கடற்கரை, பாட்டு, ஆட்டம், அசட்டுத்தனமான வில்லன், இவ்வளவுதான் கதை. படம் ஓடியதும் 'பிகினி பீச்', 'பீச் பிளாங்கெட் பிங்கோ' என்று வரிசையாக எடுத்துத் தள்ளினார்கள்.

இதைப் பார்த்துத்தான் ஸ்ரீதர் எடுத்தார் என்று நினைக்க வேண்டாம். இரண்டும் தனித்தனியாக, கிட்டத்தட்ட ஒரே சமயத்தில் நடந்தவை. ஆனால் இரண்டிலும் கடற்கரை செய்கிற வேலை ஒன்றுதான். கடற்கரைக்கு வாடகை கிடையாது. லைட் வேண்டாம். பணக்காரனும் சுண்டல் வாங்கக் காசு எண்ணுகிறவனும் ஒரே மணலில்தான் உட்கார வேண்டும். வீட்டுக் கூடத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டு பேசும் ஒரு பெண்ணும் பையனும் அங்கே சத்தமாகப் பாடலாம். கல்யாணம் ஆகாத இளசுகளுக்கு 1960களில் அது எவ்வளவு பெரிய கனவு என்பதை இன்றைக்கு மொபைலில் சாட் செய்கிறவர்களுக்கு விளக்குவது கொஞ்சம் கஷ்டம்.

வித்தியாசம் எங்கே என்றால், அப்பாவில்.

அமெரிக்கப் படங்களில் பெற்றோர் கண்ணிலேயே பட மாட்டார்கள். பெரியவர்கள் வந்தாலும் கேலிப் பொருளாக வந்து போவார்கள். மௌனப்பட மேதை பஸ்டர் கீட்டனே வயதான காலத்தில் 'பீச் பிளாங்கெட் பிங்கோ'வில் அப்படித்தான் தலை காட்டினார். பிள்ளைகள் தனியாகப் பார்க்க வேண்டிய படங்கள் அவை. தமிழ்நாட்டில் அது நடக்காது. இங்கே அப்பா டிக்கெட் வாங்கினால்தான் குடும்பம் தியேட்டருக்குள் போகும். ஸ்ரீதரும் கோபுவும் அதைச் சரியாகப் புரிந்துகொண்டார்கள். அப்பாவைத் துரத்தவில்லை. படத்தின் நடுவில், சோபாவில் உட்கார வைத்தார்கள்.

பாலையா நடித்த விஸ்வநாதன், சின்னமலை எஸ்டேட் முதலாளி. காசு விஷயத்தில் கெட்டி. பணக்கார சம்பந்தம் வேண்டும் என்ற ஆசை. வேலையிலிருந்து அவர் துரத்திய பையன் ரவிச்சந்திரன், அவர் வீட்டு எதிரிலேயே கூடாரம் அடித்து உட்காருகிறான். கடைசியில் கோடீஸ்வரன் மகன் என்று ஒரு பொய். அந்தக் கோடீஸ்வர அப்பாவாகக் கிழவர் வேஷம் போட்டு வருவது நண்பன் முத்துராமன். அந்த நண்பன் காதலிப்பது அதே வீட்டு இன்னொரு பெண்ணை. முடிச்சு மேல் முடிச்சு. இத்தனை ஏமாற்றியும் அந்த அப்பாவை யாரும் அவமானப்படுத்துவதில்லை. அவருடைய பேராசையைப் பார்த்துத்தான் சிரிப்பு வருகிறது, வயதைப் பார்த்து அல்ல. பாட்டி, அப்பா, பேரன் மூன்று பேரும் ஒரே வரிசையில் உட்கார்ந்து ஒரே இடத்தில் சிரிக்க முடிந்ததற்கு இதுதான் காரணம். அறுபது வருஷம் தாண்டியும் படம் பழசாகாததற்கும் இதுதான் என்று தோன்றுகிறது.

ஓஹோ புரொடக்ஷன்ஸ் சொன்ன உண்மை

நாகேஷ் நடித்த செல்லப்பாவைச் சொல்லாமல் இந்தக் கதை முடியாது. சினிமா எடுக்கத் துடிக்கும் முதலாளி மகன். ஓஹோ புரொடக்ஷன்ஸ் என்று கம்பெனிப் பெயர் தயார். ஹீரோயின் கனவோடு சச்சு தயார். பணம்தான் இல்லை. அப்பாவிடம் பணம் கேட்பதும் அப்பா விரட்டுவதும்தான் அவருடைய முழுநேர வேலை.

அப்பாவுக்கு செல்லப்பா பேய்க்கதை சொல்லும் காட்சியை இன்றைக்கும் யூடியூபில் தேடிப் பார்க்கிறார்கள். அதில் என்ன இருக்கிறது? ஒரு அறை, இரண்டு நடிகர்கள். பேய் இல்லை, இருட்டு இல்லை, கிராஃபிக்ஸ் இல்லை. நாகேஷ் வாயாலேயே கதவு கிறீச்சிடும், காற்று அடிக்கும். பாலையா முகத்தில் பயம் படிப்படியாக ஏறும். சிரிக்க வைப்பது கதை சொல்கிறவர் பாதி, கேட்கிறவர் பாதி. செலவே இல்லாமல் ஒரு திகில் படத்தையே ஓட்டிவிட்டார்கள். சினிமாவுக்குப் பணம் வேண்டும் என்று கெஞ்சும் ஒரு பாத்திரத்தை வைத்தே, பணம் இல்லாமலும் சினிமா நடக்கும் என்று காட்டிய குறும்பு அது.

தெலுங்கில் 'பிரேமிஞ்சி சூடு', இந்தியில் 'ப்யார் கியே ஜா' என்று படம் போனது. இந்தியை ஸ்ரீதரே இயக்கினார். நாகேஷ் வேடத்தில் மெஹமூத், பாலையா வேடத்தில் ஓம் பிரகாஷ். மெஹமூதுக்கு ஃபிலிம்ஃபேர் விருது கிடைத்தது.

அதற்குப் பிறகு?

வெற்றி எப்போதும் வழிகாட்டுவதில்லை. அதே 1964இல் ஸ்ரீதர் ஆசையோடு எடுத்த 'கலைக்கோவில்' ஓடவில்லை. இசைக்கலைஞர் பற்றிய கனமான படம். அடுத்த வருஷம் 'வெண்ணிற ஆடை'யில் மறுபடியும் புதுமுகங்கள். அதில் ஒருவர் ஜெயலலிதா. 1967இல் 'ஊட்டி வரை உறவு' மூலம் சிவாஜியையே காமெடிக்குள் இழுத்தார்.

பிறகு செலவு ஏறியது. 1969இல் வெளிநாடுகளில் படப்பிடிப்பு நடத்தி எடுத்த பிரம்மாண்டமான 'சிவந்த மண்' தமிழில் ஓடியது. இந்தியில் அதையே 'தர்தி' என்று எடுத்தபோது கை சுட்டுக்கொண்டது. 1970களின் தொடக்கத்தில் நெருக்கடி. ஒரே ஆஸ்பத்திரி செட்டில் ஜெயித்தவருக்கு பிரம்மாண்டம் வைத்த சோதனை என்றே சொல்ல வேண்டும். 1974இல் எம்.ஜி.ஆரோடு சேர்ந்த 'உரிமைக்குரல்' அவரை மறுபடி நிமிர்த்தியது. 1977இல் அதே கூட்டணியில் 'மீனவ நண்பன்'. கடல் திரும்பி வந்தது, ஆனால் இந்த முறை காதலர்களுக்காக அல்ல, மீனவர்களுக்காக.

1978இல் கமல், ரஜினியை வைத்து 'இளமை ஊஞ்சலாடுகிறது'. 1985இல் மோகன் நடித்த 'தென்றலே என்னைத் தொடு'. காதலையும் சிரிப்பையும் ஐம்பது வயதுக்கு மேலும் அவரால் இளசாகவே எடுக்க முடிந்தது. 1991இல் விக்ரம் என்ற புதுப் பையனை வைத்து 'தந்துவிட்டேன் என்னை' எடுத்தார். கடைசிப் படத்திலும் பெரிய ஸ்டார் கிடையாது.

பக்கவாதம் அவரைப் பல வருஷம் வீட்டோடு முடக்கியது. 2008 அக்டோபர் 20ஆம் தேதி சென்னையில் காலமானார். அப்போது அவருக்கு 75 வயது.