சிரிக்க வைத்த சாமியார்



வீரமாமுனிவர் என்றதும் தேம்பாவணி, சதுரகராதி என்று பள்ளிக்கூடத்து ஒரு மார்க் கேள்விதான் நம் நினைவுக்கு வரும். ஆனால் சின்ன வயசில் நம்மை விழுந்து விழுந்து சிரிக்க வைத்த பரமார்த்த குரு கதையை எழுதியவரும் அவரேதான்!

இத்தாலி நாட்டில் 1680-ஆம் ஆண்டு நவம்பர் 8-ஆம் நாள் பிறந்தவர் பெஸ்கி. சேசு சபையில் சேர்ந்து குருவானார். 1710-ல் கோவா வந்து, அடுத்த ஆண்டு மதுரை மிஷனில் பணி ஏற்றார். முப்பது வயசில் அ, ஆ என்று ஆரம்பித்தவர், சூசையப்பரின் வாழ்க்கையை 3,615 பாடல்களில் தேம்பாவணி காவியமாகப் பாடினார். 1732-ல் சதுரகராதி தந்தார். குறளின் முதல் இரண்டு பால்களை லத்தீனில் மொழிபெயர்த்தார். முதல் தலைமுறையாகப் படிக்க வந்திருக்கும் என்னைப் போன்றவர்களுக்கு இதைவிடத் தெம்பு வேண்டுமா?

அந்தக் காலத்தில் எகரம், ஒகரத்தின் குறிலுக்குப் புள்ளி வைப்பது மரபு. ஓலையில் அந்தப் புள்ளியை விட்டுவிடுவார்கள். எங்கள் திருநீர்மலை ஏரியை எழுதினால் எரி என்றும் படிக்கலாம்! குறிலுக்கும் நெடிலுக்கும் இன்று நாம் எழுதும் தெளிவான வேறுபாட்டைக் கொண்டுவந்தவர் இவர்தான்.

இவ்வளவு பெரிய புலவர், மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்று ஐந்து சீடர்களை வைத்து ஏன் கதை எழுதினார்? ஐரோப்பாவிலிருந்து வந்த பாதிரிமார் பேச்சுத் தமிழ் பழக எழுதியது அது. 1822-ல் லண்டனில் ஆங்கில மொழிபெயர்ப்போடு அச்சானது. பிறகு நம் பிள்ளைகளின் சொத்தாகிவிட்டது.

அதில் ஒரு கட்டம். கீழே விழுவதில் எதையெல்லாம் எடுக்க வேண்டும் என்று குரு ஓலையில் பட்டியல் எழுதிக் கொடுக்கிறார். கடைசியில் குதிரையிலிருந்து அவரே குழியில் விழுகிறார். ஓலையில் குருவின் பெயர் இல்லையே என்று சீடர்கள் தூக்க மறுக்கிறார்கள்! தன்னையும் ஓலையில் எழுதிய பிறகுதான் அவர் மேலே வருகிறார்.

மறைக்கல்வி வகுப்பில் கேட்ட ஒரு நற்செய்திப் பகுதி எனக்கு உடனே ஞாபகம் வந்தது. ஓய்வுநாளில் மாடு கிணற்றில் விழுந்தால் தூக்கிவிட மாட்டீர்களா என்று இயேசு பரிசேயரைக் கேட்டாரே, அதே குழிதான் இது! சட்டத்தைப் பிடித்துக்கொண்டு மனுஷனை விட்டுவிடாதே என்பதுதான் இரண்டுக்கும் பொருள் என்று எனக்குத் தோன்றுகிறது.

இந்து மடங்களைக் கேலி செய்யத்தான் பாதிரியார் இதை எழுதினார் என்று சொல்பவர்களும் உண்டு. அப்படியே இருந்தாலும், கிறிஸ்தவனாகிய நான் அதை அடுத்தவரைப் பார்த்துச் சிரிக்கும் கதையாகப் படிக்க முடியாது. இயேசு கடிந்துகொண்டது தம் சொந்த மக்களின் போதகர்களைத்தானே! ஆகவே அந்த ஓலை என் கையிலும் இருக்கிறதா என்றுதான் நான் முதலில் பார்க்க வேண்டும்.

நாகல்கேணியில் தோல் ஷெட்டில் வேலை செய்யும் எங்க அப்பாவுக்குக் கையெழுத்து மட்டும்தான் போடத் தெரியும். தங்கைக்கு நான் இதை வாசித்தபோது, ஆளைத் தூக்குறதுக்கு ஓலை எதுக்குடா என்று உடனே கேட்டுவிட்டார். படிக்காத அப்பாவுக்குப் புரிந்தது, படித்த சீடர்களுக்குப் புரியவில்லை!

நண்பர்களே, நாமும் ரெக்கார்டு நோட்டைப் பார்த்து எழுதுகிறோம். வைவாவில் ஏன் என்று கேட்டால் முழிக்கிறோம். நம்ம கையிலிருப்பதும் அந்த ஓலைதானோ?

வீரமாமுனிவர் 1747-ல் மறைந்தார். 1968 உலகத் தமிழ் மாநாட்டின்போது மெரினாவில் அவருக்குச் சிலை வைத்தார்கள். அடுத்த முறை பீச்சுக்குப் போனால் ஒரு நிமிடம் அங்கே நில்லுங்கள். வீட்டுக்கு வந்து தம்பி, தங்கைகளுக்குப் பரமார்த்த குரு கதையைப் படித்துக் காட்டுங்கள். சிரிக்கட்டும், சிரித்த பிறகு யோசிக்கட்டும்!